வாசல் ஆணியில் தொங்கிய பை

நான் இப்போது கொஞ்சம் தற்பெருமை பேசப் போகிறேன். பிடிக்காதவர்கள் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். நம் கம்பெனியின் டெவலப்மென்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, சூழ்நிலைக்குத் தகுந்தபடி மாறிக்கொள்வது பற்றி நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் தலைவர் கேட்டார். நாலு வார்த்தையில் எழுத எனக்குத் தெரியாது. அந்த வித்தை தெரிந்திருந்தால் நான் எப்போதோ பெரிய அதிகாரியாகியிருப்பேன்.

மாறு, மாறு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதை மாற்றுவது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்வதில்லை. வரைபடத்தை மாற்ற ஒரு ரப்பர் போதும். நமக்குள்ளே ஒரு கோபம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்குமே, அதைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. அப்படி ஒரு கோபத்தால் நான் ஒரு பட்டறையையே மூடவைக்கப் பார்த்தேன். பிறகு நானே அதைக் காப்பாற்றினேன். இரண்டையும் சொல்கிறேன்.

உலகப் போர் நடந்த காலம். பாலக்காட்டிலிருந்து பம்பாய் வந்த நான் ராணுவச் சாமான்களைச் சோதிக்கும் ஓர் அலுவலகத்தில் படம் வரைபவனாக இருந்தேன். தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த காதர் பாய், துப்பாக்கி உறைகளும் இடுப்பு வார்களும் தைத்து எங்களிடம் கொண்டுவருவார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மூன்று முறை அவருடைய உறைகள் திரும்பிப் போயின. நாலாவது முறை நான் அவருடைய மாதிரியை வாங்கி, வாரின் ஓட்டைகளைக் கொஞ்சம் தள்ளி வரைந்து கொடுத்தேன். சாமான் உடனே தேறிவிட்டது. அடுத்த வாரம் வந்து அவர் என் மேஜைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ஐயரே, இங்க உக்காந்து அடுத்தவன் சாமான்ல தப்புக் கண்டுபிடிச்சிட்டு இருக்கீரே, எங்கூட வந்து தப்பில்லாத சாமானா ஒண்ணு பண்ணுமே!"

போய்விட்டேன். ஊரில் அப்பா எனக்குக் கடிதம் எழுதுவதை நிறுத்திக்கொண்டார். ஐயர் வீட்டுப் பையன் தோல் பட்டறையில் வேலை செய்வதா என்று, நம் ஊர்க்காரர்கள் நிறைந்த மாட்டுங்கா முழுக்கப் பேச்சு. நான் தங்கியிருந்த மெஸ்ஸில் மட்டும் பேச்சாக இல்லை, சட்டமாகவே வந்துவிட்டது. மெஸ் நடத்தியவரை நாங்கள் மெஸ் மாமா என்போம். தங்கமான மனுஷர்தான். ஆனால் முதல் நாளே வாசல் குழாயைக் காட்டிவிட்டார்.

"சங்கரா, நீ தோலைத் தொட்டுட்டு வரே. தலையோட ஸ்நானம் பண்ணிட்டு உள்ள வா. தப்பா நெனைச்சுக்காதே."

தப்பாக நினைக்காமல் என்ன செய்வது? மூன்று வருஷம், மழையானாலும் குளிரானாலும், சாயங்காலம் மெஸ் வாசலில் நாலு வாளி தண்ணீரை ஊற்றிக்கொண்ட பிறகுதான் எனக்குச் சோறு. மற்றவர்கள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போவார்கள். நான் சொட்டச் சொட்ட நிற்பேன். ஒவ்வொரு வாளிக்கும் வயிறு எரியும். வேறு இடம் பார்த்துக்கொண்டு போக எனக்கு ரோஷம் போதவில்லை, அவ்வளவுதான். இந்தக் குளியலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. ஊரெல்லாம் கொண்டாட்டம், எங்கள் பட்டறையில் இழவு. ராணுவம் ஒரே தாளில் எல்லா ஆர்டரையும் ரத்து செய்துவிட்டது. கிடங்கு நிறையப் பதனிட்ட தோல். இருபதுக்கு மேற்பட்ட தையல்காரர்கள். காதர் பாய் எல்லாரையும் கூப்பிட்டு நடுவில் நின்று பேசினார்.

"பொங்கல் வரைக்கும் ஒருத்தரையும் போகச் சொல்ல மாட்டேன். அது எம்பொறுப்பு. அதுக்குள்ள விக்கிற மாதிரி ஏதாச்சும் ஒண்ணு கண்டுபிடிக்கணும். அது இந்த ஐயர் பொறுப்பு. இல்லன்னா தந்தா பந்த், தொழில இழுத்து மூட வேண்டியதுதான். நானும் ஊரப் பாத்துப் போவேன், நீங்களும் போக வேண்டியதுதான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இருபத்தைந்து வயது. தலைகால் புரியாத பெருமை.

காலையில் மாட்டுங்கா ஸ்டேஷனில் நின்று பார்த்தேன். வி.டி. ஸ்டேஷன் பக்கம் ஆபீஸுக்குப் போகும் நம் ஆட்கள் ஒரு கையில் குடை, ஒரு கையில் மஞ்சள் பை, அதற்குள் டிபன் டப்பா, மோர்ப் புட்டி, ரேஷன் கார்டு, ஆபீஸ் காகிதம் என்று எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு வண்டியில் தொங்கினார்கள். மோர் சிந்திக் காகிதம் நனையும். சட்டென்று பிடித்துக்கொண்டேன். ஒரே தோல் பை. டப்பாவுக்குத் தனி அறை, புட்டி நிமிர்ந்து நிற்க ஒரு வளையம், காகிதத்துக்கு ஒரு பிரிவு, சீசன் டிக்கெட்டுக்கு மேலே ஒரு சின்னப் பை, வெளியே குடையைச் செருக ஒரு வார். வரைந்து முடித்தபோது எனக்கே கண் நிறைந்துவிட்டது.

அதைத் தைத்தவர் மேஸ்திரி சுடலைமுத்து. தாராவியில் அவர் கைக்கு மிஞ்சிய கை கிடையாது. குத்தூசியால் ஓட்டை போட்டு, மெழுகு நூலை இரண்டு பக்கமும் இழுத்தாரென்றால் தையல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும். முதல் பையைத் தைத்து முடித்துக் கையில் எடை பார்த்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"சாமி, இது ஓடுமா?"

"ஓடுமாவா? பறக்கும், மேஸ்திரி!"

"இல்ல, எதுக்குக் கேக்கேன்னா... பொண்டாட்டி பிள்ளையள ஊர்ல விட்டுட்டு ஆறு வருசமாச்சு. ஒரு கோலி பாத்து வச்சிருக்கேன், பத்தடி ரூம்பு. கூட்டியாரலாமா? நீங்க சொன்னா கடுதாசி போட்ருவேன்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு.

"தைரியமா வரச் சொல்லுங்க. நான் இருக்கேன்."

பையை எத்தனை பேரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்டேன் தெரியுமா? மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் கேட்டேன், ரயிலில் என் பெட்டியில் வந்த அத்தனை பேரிடமும் கேட்டேன். "சபாஷ்டா!" என்றார்கள். மாட்டுங்காவில் குடும்பத்தோடு இருந்த ராமநாதன் என்ற நண்பர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, முதல் பை எனக்குத்தான் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிக்கொண்டு போனார். மாட்டுங்காவிலும் தாதரிலும் இரண்டு கடைக்காரர்கள் வாங்கி மாட்டினார்கள். முதல் தடவை கொடுத்தது ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது. நான் தாராவிச் சேற்றில் நடந்தபோது என் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது தடவை கொடுத்தது அப்படியே தொங்கியது. ஒன்றுகூட நகரவில்லை. அதைவிட விசித்திரம், விற்ற பைகளையும் ரயிலில் காணோம். ஒருநாள் ராமநாதன் வண்டியில் ஏறினார். கையில் பழைய மஞ்சள் பை.

"எங்கே ஓய், நம்ம பை?"

"அதா... மழைக்கு வேணுமேன்னு எடுத்து வெச்சிருக்கேன்."

கார்த்திகை மாசத்தில் பம்பாயில் எந்த மழை? மனுஷர் என் கண்ணைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம்.

இப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? மாறினேன்! பிரமாதமாக மாறினேன். கறுப்பு நிறத்தைப் பழுப்பாக்கினேன். பக்கிளை எடுத்துவிட்டுப் பித்தளைப் பொத்தான் வைத்தேன். காகிதப் பிரிவை ஒன்றுக்கு இரண்டாக்கினேன். மூன்று வாரம் தூங்காமல் மாற்றிக்கொண்டே இருந்தேன். மேஸ்திரியும் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். ஒன்றும் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று தெரியாமல் மாற்றுவது, சாவியைத் தொலைத்தவன் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற கதைதான். இன்றைக்கு உங்களில் சிலர் மாதத்துக்கு மூன்று மாதிரி கொண்டுவந்து காட்டும்போது எனக்கு அந்த மூன்று வாரம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த நேரத்தில்தான் மேஸ்திரியின் குடும்பம் வந்து இறங்கியது. வண்டியிலிருந்து சாமான் தூக்க நானும் தாதர் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி இசக்கியம்மாள் இரண்டு பெண் குழந்தைகளோடு இறங்கினாள். தலையில் ஒரு சாக்கு மூட்டை. அதை யாரையும் தொட விடவில்லை.

"என்னத்த மூட்டையோ?" என்று கேட்டேன்.

"கையால சுத்துற தையல் மிசினு, சாமி. சண்டைக் காலத்துல இவுக அனுப்பின ரூவாயில வாங்கினது. ஊர்ல ரவிக்கை எல்லாம் நாந்தான் தைப்பேன்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் வேலை நிச்சயம்னு சொன்ன சாமியா? இவுக கடுதாசி பூரா உங்க பேச்சுதான்."

என் முகத்தில் ஈயாடவில்லை. மேஸ்திரி அவசரமாகச் சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பை விற்கவில்லை என்பதை அவர் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை என்று புரிந்தது. பொங்கலுக்கு ஒரு மாதம்கூட இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விறுவிறுவென்று ராமநாதன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஓர் ஆணி. அதில் என் பை தொங்கியது. குடை வாரில் குடை. கீழே செருப்புகள். பைக்குள் எட்டிப் பார்த்தேன், பழைய செய்தித்தாளும் ஒரு செருப்புத் துடைக்கிற துணியும் இருந்தன.

ராமநாதன் என்னைக் கண்டதும் "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பதுபோல் பின்பக்கம் நழுவினார். அவர் மனைவி வந்தாள். மன்னி என்று கூப்பிடுவேன். சுருக்கென்று பேசுவாள், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள்.

"மன்னி, பை பிடிக்கலையா?"

"பைக்கு என்ன, அழகாத்தான் இருக்கு. அதான் வாசல்லயே மாட்டியிருக்கேன், நாலு பேர் பாக்கட்டும்னு."

"டப்பா வெச்சுக்கத்தானே தைச்சது?"

"கேட்டேளா கதையை! டப்பா எங்கேர்ந்து கிளம்பறது? அடுக்களையிலேர்ந்து. சாயங்காலம் எங்கே திரும்பி வரது? அடுக்களைக்கு. தோலுக்குள்ள இருந்துட்டு வந்ததை நான் எப்படி அடுப்புகிட்ட வெச்சுப்பேன்?"

"டப்பாவைத் தேய்ச்சு அலம்பினாப் போறாதா?"

"டப்பாவை அலம்பலாம். பையை அலம்ப முடியுமா?" அதோடு விட்டாளா? "உங்களுக்குத் தெரியாததா? மெஸ்ஸிலே நீங்களே குளிச்சுட்டுத்தானே இலையிலே உக்கார்றேள்? மாட்டுங்காவுக்கே தெரியுமே."

போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிவிட்டேன்.

தெருமுனை வரைக்கும் கொதித்துக்கொண்டே போனேன். என்ன ஜனங்கள் இவர்கள்! காலில் செருப்பு தோல், கடிகார வார் தோல், கச்சேரியில் இவர்கள் கேட்டுத் தலையாட்டுகிற மிருதங்கம் தோல். டப்பாவுக்கு மட்டும் தீட்டா? இவர்கள் திருந்தட்டும், நான் ஏன் மாற வேண்டும்? தெருமுனைக் குழாயில் ஒருவர் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டேன்.

மூன்று வருஷமாக அந்தச் சட்டம் தினமும் என் தலையில் தண்ணீராகக் கொட்டியிருக்கிறது. மாட்டுங்காவில் என்னைவிட அதை நன்றாக அறிந்தவன் யார்? அப்படியிருந்தும் பையை வரையும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. வரவில்லையா, வர விடவில்லையா? உண்மையைச் சொல்கிறேன். என்னை வாசலில் நிறுத்தியவர்களின் அடுக்களைக்குள் தோலை நுழைத்துக் காட்டுகிறேன் பார் என்று ஒரு வீம்பு எனக்குள் இருந்தது. அந்த வீம்புதான் அந்தப் பையை வரைந்தது. அபிப்பிராயம் கேட்டதும் ஆண்களிடம்தான். மெஸ்ஸில் சாப்பிடுகிற பிரம்மச்சாரிகளுக்கு டப்பா கட்டவே வேண்டாம், அவர்களுக்கு என்ன தெரியும்? டப்பா கட்டுகிற ஒருத்தியைக்கூட நான் கேட்கவில்லை. என் கோபம் நியாயமான கோபம். ஆனால் அதற்காக மேஸ்திரியின் பெண்கள் ஊருக்குத் திரும்ப வேண்டுமா?

திரும்பி நடந்தேன். மன்னி வாசலிலேயே நின்றிருந்தாள். சொன்னது அதிகமோ என்று அவளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

"மன்னி, அலம்ப முடிஞ்சா?"

"என்னது?"

"உள்பக்கம் மட்டும் துணிப்பையா இருந்து, அதைத் தனியா எடுத்துண்டு உள்ள போகலாம்னா? தோல் வாசல் ஆணியிலேயே தொங்கட்டும்."

கொஞ்சம் யோசித்தாள். "துணின்னா ஒரு தொந்தரவும் இல்லையே. நனைச்சுக் காயப்போட்டா ஆச்சு. ஆனா துளித் தோல்கூட அதிலே ஒட்டிண்டு இருக்கப்படாது, ஆமாம்."

பட்டறைக்கு ஓடினேன். ஞாயிறு என்றும் பாராமல் காதர் பாயும் மேஸ்திரியும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மேஸ்திரி ஒரு காடாத் துணியை மடித்துப் பையாக்கி, கைப்பிடி சேரும் இடத்தில் பலத்துக்காக ஒரு சின்னத் தோல் துண்டை வைத்துக் குத்தூசியை எடுத்தார்.

"அது வேண்டாம், மேஸ்திரி. துணியிலே தோலே கூடாது."

குத்தூசி அப்படியே நின்றது.

"இத்துனூண்டு துண்டு, சாமி. அதுக்குமா தீட்டு?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

"சரி. நாங்க தொட்டுத் தச்ச தோலு வாசல்ல நிக்கட்டும். எங்களுக்கு அது பழக்கந்தான். துணிய யாரு தைக்க? தோலத் தொட்ட கை தச்சா மட்டும் உள்ள எடுப்பாகளா? இல்ல, மாட்டுங்கால இருந்து ஒரு ஐயரு வந்து தச்சுத் தருவாரா?"

காதர் பாய் என்னையே பார்த்தார். அந்த இடத்தில் சமாளித்துப் பேசியிருக்கலாம். வியாபாரம் அப்படித்தான் மேஸ்திரி, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷரிடம் அப்படிப் பேச நா எழவில்லை.

"மேஸ்திரி, நான் மூணு வருஷமா வாசல்ல குளிச்சுட்டுத்தான் சோறு சாப்பிடறேன். உங்க யார்கிட்டேயும் சொன்னதில்லை. வெட்கம். அந்தச் சட்டம் எனக்கும் பிடிக்கலை. ஆனா துணியை நனைச்சா ஆச்சுன்னு அவாளே சொல்லிட்டா. யார் தைச்சான்னு அந்தச் சட்டம் கேக்கலை. அதனால யார் தைக்கணும்கிறதை நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

காதர் பாய் குறுக்கிட்டார். "கேட்டா என்ன செய்வீரு, ஐயரே? யாரு தச்சதுன்னு ஒரு அம்மா கேட்டுட்டா?"

"உள்ளதைச் சொல்லுவோம், பாய். பையை எப்படி வேணும்னாலும் மாத்தறேன். தைச்ச ஆளை மறைக்க மாட்டேன்."

"தந்தா போச்சுன்னா?"

"போகட்டும்."

காதர் பாய் தாடியைத் தடவிக்கொண்டு மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி அந்தத் தோல் துண்டை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் தூக்கி எறிந்தார்.

"அப்ப எம்பொண்டாட்டி தைப்பா" என்றார்.

இசக்கியம்மாள் தைத்தாள். ஆனால் என் வரைபடத்தைப் பார்த்த உடனே உதட்டைப் பிதுக்கினாள்.

"எப்பா, நாலு மூலையும் இப்படிக் கூரா இருந்தா சோத்துப் பருக்கை போயி ஒட்டிக்கிடுமே! புரட்டித் துவைக்கது எப்படி? காயுறது எப்படி? இத வரைஞ்ச மவராசன் ஒரு நாளாச்சும் துணி துவைச்சிருப்பாரா?"

பட்டறையே சிரித்தது. நான் உட்படத்தான். அடியை வட்டமாக்கி, தையலை வெளிப்பக்கம் தள்ளி, ஒரே இழுப்பில் புரட்டுகிற மாதிரி அவள் தைத்தாள். அதற்கேற்றபடி என் தோல் பையின் அடியையும் வட்டமாக்க வேண்டியிருந்தது. வெட்டு அச்சு எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே போட்டார். முணுமுணுப்பில் சந்தோஷம் இருந்தது.

மாதிரியை மன்னியிடம் நானே கொண்டுபோய்க் காட்டுவதாக இருந்தேன். இசக்கியம்மாள் விடவில்லை. "நான் தச்சத நாந்தான் காட்டுவேன்" என்று தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அவள் வழி நெடுக டிராமையும் மாடி வீடுகளையும் பார்த்து வியந்துகொண்டே வந்தாள்.

மன்னி வாசலில் நின்றாள். நாங்கள் படிக்குக் கீழே. இசக்கியம்மாள் தோல் பையை ஆணியில் மாட்டினாள், துணிப்பையை ஒரு சொடுக்கில் வெளியே எடுத்தாள், புரட்டினாள், உதறினாள், திரும்பப் போட்டாள். பிறகு துணிப்பையை மட்டும் எடுத்து மன்னியிடம் நீட்டினாள். மன்னி அதை வாங்கி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தாள். வட்ட அடிக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஜோரா இருக்கே! யார் தைச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் போய்விட்டது.

"நாந்தான் தச்சேன். தாராவி. எங்க வீட்டுக்காரரு தோல் பட்டறை மேஸ்திரி."

மன்னி அவளைப் பார்த்தாள். கையிலிருந்த தையலைப் பார்த்தாள். எனக்குப் பொங்கலும் பட்டறையும் இரண்டு குழந்தைகளும் கண்முன்னே வந்து நின்றார்கள். மன்னி வாசலோரம் இருந்த வாளியில் துணிப்பையை முக்கி எடுத்து, பிழிந்து, உள்ளே போனாள். அடுக்களையில் டப்பா மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது ஈரப் பைக்குள் டப்பா கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"ஒண்ணு காயறபோது இன்னொண்ணு வேணுமே. ஒரு பைக்கு ரெண்டு துணின்னு குடுப்பேளா?"

இசக்கியம்மாள் என் பக்கம் திரும்பி வாய்விட்டுச் சிரித்தாள்.

"பாத்தியளா, சாமி! நான் வாசல்ல நிக்கேன், நான் தச்சது அடுப்பங்கரை வரைக்கும் போயிட்டு வந்துட்டு!"

மன்னிக்கும் அது கேட்டது. முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இசக்கியம்மாள் சொன்னதில் குத்தல் ஒரு பங்கு, பெருமை ஒன்பது பங்கு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு பைக்கு இரண்டு துணி என்பது அன்றைக்கு மன்னி கொடுத்த யோசனை. இன்றுவரை, அந்தப் பட்டறை வளர்ந்து உருவான நம் தாணே தொழிற்சாலையிலிருந்து போகிற டிபன் பைகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன, கவனித்திருப்பீர்கள்.

பட்டறை மூடவில்லை. பொங்கலுக்கு முன்னாலேயே கடைக்காரர்கள் தாராவிக்கே தேடி வந்துவிட்டார்கள். மேஸ்திரியின் கோலிக்குப் பக்கத்து அறையைக் காதர் பாய் வாடகைக்குப் பிடித்து ஆறு தையல் மெஷின் போட்டார். ஆறிலும் பெண்கள், தலைமை இசக்கியம்மாள். மேஸ்திரியின் பெண்கள் தாராவியிலேயே பள்ளிக்கூடம் போனார்கள். பெரியவளின் மகன் உங்கள் பிரிவில்தான் இருக்கிறான். யார் என்று சொல்ல மாட்டேன், உங்களோடு சமமாகத் திட்டு வாங்கட்டும்.

ஒன்று பாக்கியிருக்கிறது. மன்னி வீட்டுக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் மெஸ் வாசலில் வழக்கம்போல வாளியைத் தூக்கினேன். படிக்குக் கீழே நின்று இசக்கியம்மாள் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

"என்னடா, குளிக்கலையா?" என்றார் மெஸ் மாமா.

"இல்லை, மாமா. இனிமே குளிக்கறதா இல்லை. எனக்கு இலையை வாசல்லயே போட்டுடுங்கோ."

"என்னடா உளர்றே?"

"உங்க சட்டத்தை நான் மீறலை. நான் உள்ள வரலை, அவ்வளவுதானே?"

முதல் நாள் கோபத்தோடு பரிமாறினார். இரண்டாம் நாள் பேசாமல் பரிமாறினார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று என்ன ஏது என்று விசாரித்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினேன். மூன்றாம் நாள் ராமநாதன் அந்தப் பக்கம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, கொஞ்ச நேரம் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனார். எட்டாம் நாள் மெஸ் மாமா சாம்பார் வாளியைத் தரையில் தொப்பென்று வைத்தார்.

"போறும்டா, சங்கரா! இந்த வாளியையும் தூக்கிண்டு தினமும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்க என் முழங்காலாலே ஆகலை. எழுந்து உள்ள வந்து தொலை."

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தேன். பட்டறையிலிருந்து வந்த அதே சட்டையோடு, தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், உள்ளே போய் எல்லாருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.